குவாசார்: பெயரும் பொருளும்

‘விண்மீனை ஒத்த ரேடியோ மூலம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி, 1964-இல் வானியற்பியலாளர் ஹாங்-யீ சியூ அமைத்த சொல் குவாசார். புள்ளியாகத் தெரிந்தது, ரேடியோ அலை வந்தது என்பதற்கு மேல் இப்பெயர் எதுவும் சொல்லவில்லை. உண்மையில் குவாசார் விண்மீனே அன்று. தொலைதூர விண்மீன்திரளின் நடுவில் பெருங்கருந்துளை வாயுவை விழுங்கும்போது எழும் பேரொளி. பத்தில் ஏறக்குறைய ஒன்பது குவாசார்கள் ரேடியோவில் மங்கலானவை. எனவே அவற்றின் இயல்பை அறிய எக்ஸ் கதிரையே முதலில் நாட வேண்டும் என்பேன். அது கருந்துளைக்கு மிக அருகிலிருந்து வருகிறது. வளிமண்டலம் அதைத் தடுத்துவிடுவதால் தொலைநோக்கி விண்வெளிக்குப் போகவேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 1999-இல் அமெரிக்காவிலிருந்து சென்றது. எக்ஸ் கதிரையும் காணும் இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள், எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 28.9.2015 அன்று ஏறியது.

பிஎச்எல் 1811 போன்ற விநோதக் குவாசார்கள் கண்ணுறு ஒளியில் பளிச்சிட்டும் எக்ஸ் கதிரில் மங்கிக் கிடக்கின்றனவே, எக்ஸ் கதிர் என்ற அடையாளமும் பொய்க்கிறதே எனலாம். பொய்க்கவில்லை. கருந்துளையருகே கொதிக்கும் பகுதி நலிந்ததா, வாயுத்திரை மறைக்கிறதா என்ற கேள்வியே எக்ஸ் கதிரை அளந்த பின்தான் பிறந்தது. இனி பெயருக்கு வருவோம்: குவாசாரை ‘விண்மீன்போலி’ என்று மொழிபெயர்த்தால் பழைய தோற்றமயக்கம் தமிழிலும் வேரூன்றும். குவாசார் என்றே எழுதுவோம்.