தங்கியவர்கள் கதை

இராமாயணம் சொல்லும் பாகவதர்கள் எல்லோரும் இராமனோடு காட்டுக்குப் போய்விடுகிறார்கள். கங்கைக் கரை, சித்திரகூடம், பஞ்சவடி என்று நம்மையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார்கள். அந்த 14 வருஷமும் நந்திக்கிராமத்தில் பரதன் தினந்தோறும் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதைச் சொல்ல அவர்களுக்குப் பொழுது இருப்பதில்லை. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து தெற்குத் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பவனை வைத்துக்கொண்டு எத்தனை நாழிகை கதை நடத்த முடியும்?

ஸர் எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் தென் துருவப் பிரயாணமும் இப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. உடைந்த கப்பல், சிறு படகு, பேய் அலை, பனிமலை என்று கதை அவரோடு ஓடுகிறது. அவர் பின்னால் விட்டுச் சென்ற 22 பேரின் கதை, ஓடாத கதை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முன்கதை சுருக்கமாக. 1914 ஆகஸ்டில், முதல் உலக யுத்தம் மூண்ட அதே வாரத்தில், 'எண்டியூரன்ஸ்' என்ற கப்பல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. தென் துருவக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே கடப்பது நோக்கம். 1915 ஜனவரியில் வெட்டல் கடலில் பனிக்கட்டி கப்பலைப் பிடித்துக்கொண்டது. அக்டோபரில் கப்பல் நசுங்கியது. நவம்பர் 21-ந் தேதி மூழ்கியது. (3,000 மீட்டர் ஆழத்தில் அது கிடப்பதை 2022-ல்தான் கண்டுபிடித்தார்கள்.) 28 பேர் மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் மாதக்கணக்கில் குடியிருந்தார்கள். பிறகு மூன்று படகுகளில் ஏறி, 1916 ஏப்ரல் 15-ந் தேதி எலிஃபண்ட் தீவில் கரை சேர்ந்தார்கள். கப்பல்கள் எட்டிப் பார்க்காத தீவு அது. ஏப்ரல் 24-ந் தேதி ஷாக்கிள்டன் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு படகில் சுமார் 1,300 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள தென் ஜார்ஜியாத் தீவுக்குப் புறப்பட்டார், உதவி கொண்டு வருவதற்காக.

மற்றவர்களை யார் பொறுப்பில் விடுவது? ஷாக்கிள்டனுக்கு அதில் யோசனையே இருக்கவில்லை. ஃபிராங்க் வைல்ட் இருந்தார். யார்க்ஷயரில் பிறந்தவர், குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். இருவருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1909 ஜனவரியில் துருவத்துக்கு 97 மைல் தூரம் வரை போய், பட்டினியோடு திரும்பிக் கொண்டிருந்த சமயத்தில், ஷாக்கிள்டன் தம் பங்குக்குக் கிடைத்த ஒரே பிஸ்கட்டை வைல்டின் கையில் வைத்து, சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். ஆயிரக்கணக்கான பவுன் கொடுத்தாலும் அந்த பிஸ்கட்டுக்கு ஈடாகாது என்று வைல்ட் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்தக் கடனைத் தீர்க்கும் வாய்ப்பு ஏழு வருஷம் கழித்து வந்தது.

இடம் எப்படிப்பட்டது? ஒரு பக்கம் பனியாறு, இரண்டு பக்கம் கடல், நடுவில் கூழாங்கல் நிறைந்த ஒரு சிறு நாக்கு. கூடாரங்கள் காற்றில் கிழிந்துவிட்டன. மிச்சம் இருந்த இரண்டு படகுகளையும் கவிழ்த்து, கீழே நாலடி உயரத்துக்குக் கல்சுவர் எழுப்பி, இடைவெளிகளில் துணியை அடைத்து, அதற்குள் 22 பேரும் புகுந்துகொண்டார்கள். நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஸீல், பெங்குவின் இவற்றின் கொழுப்பே விறகு, கொழுப்பே விளக்கு. புகையில் எல்லோருடைய முகமும் கொல்லன் பட்டறை மாதிரி கறுத்துவிட்டது.

இந்தக் குகையில்தான் ஜூன் 15-ந் தேதி ஒரு ரணசிகிச்சை நடந்தது.

நோயாளி பெர்ஸ் பிளாக்போரோ, 20 வயதை ஒட்டிய வேல்ஸ் நாட்டுப் பையன். அழைப்பில்லாமல் வந்தவன், போனஸ் ஏர்ஸ் துறைமுகத்தில் கப்பலுக்குள் திருட்டுத்தனமாக ஒளிந்துகொண்டு வந்தவன். 'சாப்பாடு தீர்ந்துவிட்டால் ஒளிந்து வந்தவனைத்தான் முதலில் சாப்பிடுவோம், தெரியுமா?' என்று ஷாக்கிள்டன் அவனை மிரட்டியதாகச் சொல்வார்கள். படகுப் பிரயாணத்தில் குளிர் கடித்து அவனுடைய கால்கள் மரத்துப் போயின. இடது கால் விரல்கள் கறுத்து அழுக ஆரம்பித்தன. இந்த அழுகல் மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து.

வைத்தியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மக்கில்ராய் ஒருவர், நம் இந்தியாவில் பிறந்த மாக்லின் மற்றொருவர். கப்பலைக் கைவிட்டபோது ஆளுக்கு இரண்டு பவுண்டு சாமான்தான் எடுத்துக் கொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. தங்க நாணயங்களைக்கூடப் பனியில் எறிந்தார்கள். ஆனால் மருத்துவக் கருவிகளும், கொஞ்சம் குளோரோஃபாரமும் வந்து சேர்ந்தன. அந்தக் குளோரோஃபாரத்தில் ஒரு சங்கடம். குளிரில் அது சரியாக ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் மயக்கம் வராது. ஆகவே முதல் வேலை, குடிசையைச் சூடாக்குவது. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, புகைப்படக்காரரான ஹர்லி அடுப்பில் பெங்குவின் தோல்களைத் தோல்மேல் தோலாகப் போட்டுக்கொண்டிருந்தார். தென் துருவத்துக் குளிர்காலத்தின் நடுவே, அந்தக் கவிழ்த்த படகுக்குள் உஷ்ணம் ஏறக்குறைய 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறியது. வைத்தியர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்கள். (கையில் இருந்தது ஈதராக இருந்திருந்தால் இந்த உபாயமும் பலித்திராது. அது எளிதில் தீப்பற்றும். எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் அதைத் திறக்க முடியாது.)

குளோரோஃபாரமும் சாதுவான மருந்தல்ல. 1889-ல் ஹைதராபாத்தில் நிஜாமின் செலவில் ஒரு கமிஷன் கூடி, நூற்றுக்கணக்கான பிராணிகளைக் கொண்டு சோதித்து, மூச்சை மட்டும் கவனித்தால் போதும், இருதயத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லியது. அந்தத் தீர்ப்புத் தவறு என்பதும், லேசான மயக்கத்திலேயே இருதயம் திடீரென்று நின்றுவிடலாம் என்பதும் 1911-ல் தெரிய வந்தன. நல்ல ஆஸ்பத்திரியிலேயே நடுங்கிக்கொண்டு கொடுக்க வேண்டிய மருந்தை, கொழுப்பு விளக்கின் வெளிச்சத்தில் மாக்லின் கொடுத்தார். சமையல் பாத்திரத்தில் கொதிக்க வைத்த கருவிகளால் மக்கில்ராய் இடது கால் விரல்கள் ஐந்தையும் எடுத்தார். வைல்ட் பக்கத்தில் இருந்து முகம் சுளிக்காமல் உதவி செய்தார். பையன் கண் விழித்ததும் முதலில் ஒரு சிகரெட் கேட்டானாம். வைத்தியர் ஒரு கலைக்களஞ்சியத்தின் தாளைக் கிழித்து, புகையிலையைச் சுருட்டிக் கொடுத்தாராம். அந்தப் புத்தகத்துக்கு அதைவிட நல்ல உபயோகம் அந்தத் தீவில் கிடைத்திருக்காது.

வைத்தியர்களுடைய வேலை இப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது. வைல்டின் வேலை தெரிவதில்லை. தினமும் காலையில் அவர் எழுந்து, 'படுக்கையைச் சுருட்டுங்கள், இன்றைக்குத் தலைவர் வந்தாலும் வருவார்' என்பார். ஏப்ரலில் அதை நம்பினார்கள். ஜூலையில் சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை, படுக்கையும் சுருட்டப்பட்டது. சனிக்கிழமை தோறும் பாட்டுக் கச்சேரி. ஹஸ்ஸி என்பவரின் பான்ஜோ வாத்தியம் பக்கவாத்தியம். 12 பவுண்டு எடையுள்ள அந்த வாத்தியத்தை, அது மனசுக்கு மருந்து என்று சொல்லி, ஷாக்கிள்டனே கப்பலிலிருந்து காப்பாற்றிக் கொண்டு வந்திருந்தார்.

ஒரு விஷயத்தில் வைல்டைப் பற்றி எனக்கு இன்னும் தீர்மானம் ஏற்படவில்லை. ஆர்டி-லீஸ் என்று ஒரு மனிதர். கப்பலில் பண்டசாலைப் பொறுப்பில் இருந்தவர். எப்போதும் நாளைய சோற்றைப் பற்றியே பயந்துகொண்டிருப்பார். யாருக்கும் அவரைப் பிடிக்காது. கிடைக்கும் பெங்குவின்களையெல்லாம் அடித்துச் சேமித்து வைக்க வேண்டும் என்று அவர் மன்றாடினார். வைல்ட் சம்மதிக்கவில்லை. மலை மாதிரி இறைச்சியைக் குவித்தால், 'தலைவர் வரமாட்டார்' என்று அந்தக் குவியலே தினம் தினம் சொல்லிக்கொண்டிருக்கும் என்பது அவர் எண்ணம். ஆகஸ்டில் பெங்குவின்கள் வரவில்லை. கடல்பாசியையும் பாறையில் ஒட்டிய சிப்பிகளையும் பொறுக்கினார்கள். எறிந்த பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கொதிக்க வைத்தார்கள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால், சரித்திரம் ஆர்டி-லீஸைத் தீர்க்கதரிசி என்று எழுதியிருக்கும். வைல்ட் தெரிந்தேதான் பந்தயம் கட்டினார். பந்தயப் பொருள் 22 உயிர்.

கண்டத்தின் மறுபக்கத்தில், ஷாக்கிள்டனுக்காக வழியில் உணவுக் கிடங்குகள் அமைக்கப் போன கோஷ்டியில் மூன்று பேர் அந்த வருஷம் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஸ்கர்வி நோய்க்குப் பலியானார். எலிஃபண்ட் தீவில் அந்த நோய் தலைகாட்டவில்லை. வாய்க்கு வெறுத்துப் போன அந்தப் புது இறைச்சிதான் காரணம். ஷாக்கிள்டன் ஓர் ஆளைக்கூட இழக்கவில்லை என்று புகழுகிறவர்கள் அந்த மூன்று பேரை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கிடையில் ஷாக்கிள்டன் தென் ஜார்ஜியா போய்ச் சேர்ந்து, மூன்று கப்பல்களில் மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் பனியால் திருப்பி அனுப்பப்பட்டார். தீவில் இருந்தவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. வசந்தம் வந்ததும் ஒரு படகில் டிசெப்ஷன் தீவுக்குத் தாமே புறப்படுவதென்று வைல்ட் திட்டம் போட்டுக் கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 30-ந் தேதி, 128-வது நாள், மத்தியான வேளை. எலும்புக் கஞ்சியின் முன் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, வெளியில் இருந்த மார்ஸ்டன் ஒரு கப்பலைக் கண்டார். கஞ்சி கொட்டியது, கித்தான் கதவு கிழிந்தது. வைல்ட் ஒரு பெட்ரோல் டின்னைக் குத்தித் திறந்து, கந்தல்களில் ஊற்றிக் கொளுத்தினார். கொடி உறைந்து போய்ப் பிரிய மறுத்ததால், மாக்லின் தம் சட்டையையே கம்பத்தில் ஏற்றினார். வந்தது சிலி நாட்டுக் கடற்படையின் 'யெல்சோ' என்ற சின்ன இழுவைக் கப்பல். தலைவன் லூயிஸ் பார்டோ. அதிலிருந்து இறங்கிய படகில் நின்றபடியே ஷாக்கிள்டன், எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். எல்லோரும் சௌக்கியம் என்று வைல்ட் பதில் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குள் தீவு காலியாகிவிட்டது. படுக்கைகள் அன்றைக்கும் சுருட்டித்தான் இருந்தன.

பிளாக்போரோவைத் தூக்கிக்கொண்டு போய், புண்டா அரேனாஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு அவன் ஊர் திரும்பித் துறைமுகத்தில் வேலை பார்த்து, 1949 வரை வாழ்ந்தான். வைல்ட் 1939-ல் தென்னாப்பிரிக்காவில் காலமானார். அவருடைய அஸ்தியை 2011-ல் தென் ஜார்ஜியாவுக்குக் கொண்டு சென்று, ஷாக்கிள்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அந்தக் கூழாங்கல் முனைக்கு 'வைல்ட் முனை' என்று பெயர். அங்கே ஒரு சிலையும் இருக்கிறது. அது, வந்து அழைத்துப் போன பார்டோவின் சிலை.