சவேரியார் விட்டுப்போன ஏற்பாடு

சபை பெருகிவிட்டது, ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை என்று இளம் குருமார்கள் சொல்லும்போதெல்லாம், நம் முத்துக்குளித்துறையின் பழைய கதையைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

1536-37 வாக்கில் இந்தக் கரையின் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கவில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது.

இரு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து முதலில் ஜெபங்களைத் தமிழாக்கினார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். பிள்ளைகள் வீட்டில் பெற்றோருக்குச் சொன்னார்கள். ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்து, ஜெபம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அவர்களுக்குச் சம்பளத்துக்கும் வழிசெய்தார். உடன் உழைத்த மன்சிலாசுக்கு 1544-இல் எழுதிய கடிதங்களில், பொறுமையாயிருக்கவும் மக்களிடம் அன்பாய் நடக்கவும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1545-இல் அவர் மலாக்காவுக்குப் போய்விட்டார். சபை கலையவில்லை. பின்னால் வந்த ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார்.

தான் இல்லாத நாளிலும் வேலை நடக்கும்படி ஆள் தயார்செய்தவரே நல்ல மேய்ப்பர். நம் கடற்கரை ஊர்களில் உபதேசியாருக்கு இருந்துவரும் மரியாதையும் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.