இறைப்பராமரிப்பும் அன்றாட வாழ்வும்: ஹாலே அநாதை இல்ல வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

உலகைப் படைத்த இறைவன் அதனைக் கைவிடாது நாள்தோறும் காத்து நடத்துகிறார் என்பது கிறித்தவ இறையியலின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகும். தமிழ்க் கிறித்தவ வழக்கில் இஃது இறைப்பராமரிப்பு, தேவபராமரிப்பு எனச் சுட்டப்படுகிறது. உணவு, உடை குறித்த கவலையை விலக்கும் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். இக்கோட்பாடு மனித முயற்சியை மழுங்கச் செய்யும் என்னும் கருத்தும் உண்டு. அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஹாலே அநாதை இல்லத்தின் வரலாறு கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பெட்டியில் கிடைத்த காசு

ஜெர்மனியின் ஹாலே நகரை ஒட்டிய கிளவுகாவில் 1692 முதல் போதகராகப் பணியாற்றியவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே (1663-1727). 1695இல் அவர் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் 4 தாலர் 16 குரோஷன் சேர்ந்திருந்தது. அதனை முதலாகக் கொண்டு ஏழைச் சிறுவர்க்கான பள்ளியைத் தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது போதிய பொருள் கையிருப்பில் இல்லை. கட்டடத் தொழிலாளர்க்குக் கூலி வழங்கப் பணமின்றித் தவித்த நிலையையும், எதிர்பாராத நன்கொடை வந்து சேர்ந்ததையும் 1701இல் வெளியிட்ட நூலில் பிராங்கே பதிவு செய்தார். வாழும் இறைவனின் அடிச்சுவடுகள் எனப் பொருள்படும் தலைப்பை அந்நூலுக்கு இட்டார். அதன் ஆங்கில வடிவம் 1705இல் வெளிவந்தது.

நம்பிக்கையும் நிருவாகமும்

பிராங்கே நன்கொடையை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1698இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளரிடமிருந்து சலுகைகளைப் பெற்றார். மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை ஆகியன இல்லத்திற்கு வருவாய் ஈட்டின. இறைவன் மனிதரையும் இயற்கையையும் கருவியாகக் கொண்டு செயற்படுகிறார் என்னும் இறையியல் விளக்கத்தின்படி இவை பராமரிப்புக்கு முரணானவை அல்ல, அதன் வழிகளே.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. உதவி வந்த கதையை அச்சிட்டுப் பரப்பியதே மேலும் உதவியைக் கொணர்ந்தது. ஆகவே அந்நூல் சாட்சியமாகவும் வேண்டுகோளாகவும் ஒருங்கே இயங்கிற்று. ஹாலேயில் பயின்ற ஜார்ஜ் முல்லர், பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றால் தூண்டப்பெற்று 1836இல் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கினார். மனிதரிடம் பொருள் கேட்பதில்லை என்பதை நெறியாகக் கொண்ட அவரும் ஆண்டறிக்கைகளை வெளியிட்டார்.

தரங்கம்பாடித் தொடர்பு

ஹாலேயில் கல்வி கற்ற சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி வந்தடைந்தார். அங்கிருந்து சென்ற மடல்களையும் குறிப்புகளையும் ஹாலே 1710 முதல் அறிக்கைகளாக அச்சிட்டது. தமிழ்ச் சமூகம் குறித்த அரிய வரலாற்று ஆவணங்களாக இன்று மதிக்கப்பெறும் அவ்வறிக்கைகள் பணிக்கு ஆதரவு திரட்டும் நோக்கமும் கொண்டவை. அவற்றை ஆராய்வோர் இப்பின்புலத்தைக் கருத்திற்கொள்ளுதல் இன்றியமையாதது.

முடிவுரை

ஹாலே வரலாற்றில் இறைப்பராமரிப்பு நம்பிக்கை செயலின்மைக்கு இட்டுச்செல்லவில்லை. வரவையும் செலவையும் நுணுகிப் பதிவு செய்யும் ஒழுக்கத்தை வளர்த்தது. ஆயினும் இத்தகைய பதிவுகள் நிலைபெற்ற நிறுவனங்களின் குரல்கள். கேட்ட உதவி கிட்டாது மூடப்பட்ட இல்லங்கள் அடிச்சுவடுகளை எழுதி வைப்பதில்லை. ஆகவே இந்நூல்கள் நம்பிக்கை எவ்வாறு வாழப்பட்டது என்பதற்குச் சான்றாகுமே அன்றி, அந்நம்பிக்கையின் மெய்ம்மையை நிறுவவோ மறுக்கவோ போதுமான சான்றாகா.