ஊசிமெத்தை சொல்லும் சரித்திரம்



முத்துக்குளித்துறை என்றதும் முத்து, சங்கு, உப்பு, கப்பல் என்று அடுக்குவோம். நான் எழுத வந்தது ஊசியைப் பற்றி.

நம்ம பக்கத்து வீடுகளில் தையல் பெட்டிக்குள் ஒரு பின் குஷன் கிடக்கும். வெட்டிய துணியில் மிஞ்சிய துண்டுகளைச் சதுரம் சதுரமாக நறுக்கி, கையாலேயே ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, இலவம்பஞ்சை இறுக்கித் திணித்து வாயை மூடியிருப்பார்கள். தளர்வாக அடைத்தால் ஊசி நிற்காது. இது என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீங்க. இதற்கு ஒரு மூத்த அக்கா உண்டு. அதுதான் ரேந்தைத் தலையணை. லேஸைத்தான் ரேந்தை என்கிறோம். போர்த்துக்கீசியச் சொல் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது.

கெட்டியாக அடைத்த தலையணைமேல் துளையிட்ட மாதிரித் தாளை வைத்து, துளைதோறும் குண்டூசி குத்த வேண்டும். சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை அந்த ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். கொஞ்சம் கண் பிசகினாலும் பூ கலைந்துவிடும்.

இந்த வேலையை நாகர்கோவிலில் தொடங்கி வைத்தவர் மார்த்தா மால்ட் அம்மையார். லண்டன் மிஷன் சார்பில் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் 1819-ல் வந்தவர். அவருடைய விடுதிப் பள்ளிப் பெண்கள் ரேந்தை பின்னிச் சம்பாதித்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்தப் பணத்தைக் கட்டித் தங்களை மீட்டுக்கொண்டார்கள். யோசிச்சுப் பாருங்க, ஊசி முனையில் வாங்கிய விடுதலை!

அந்த அம்மையாரின் மகள் எலிசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, உவரிக்கு அருகே தேரிமணல் சூழ்ந்த இடையன்குடிக்கு வந்தார். பெண்களுக்குப் பள்ளி வைத்தார். ரேந்தையும் கற்றுக் கொடுத்தார். 1856-ல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை அறியாத தமிழ் மாணவர் இல்லை. எலிசாவை எத்தனை பேருக்குத் தெரியும்? அவரிடம் படித்துப் பனையோலைக் குடிசையில் உட்கார்ந்து பின்னிய பெண்களை?

சாயர்புரத்தில் இருந்த கல்லூரியைக் கால்டுவெல் 1883-ல் நம் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். 1888-ல் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் வந்தது. 1908 பிப்ரவரியில் அந்த மில் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் வ.உ.சி.யின் வரலாற்றோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் ஆலைச் சங்கு இல்லாமல், திண்ணையிலும் முற்றத்திலும் நடந்த ஊசி வேலையும் உழைப்புத்தானே? அந்தக் காசில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்! அதற்குக் கல்வெட்டும் இல்லை, சிலையும் இல்லை.

ஆகவே தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பின் குஷன் கண்ணில் பட்டால் தூக்கிப் போட்டுவிடாதீங்க. தைத்தது ஆச்சியா, சித்தியா, யாரிடம் கற்றார், முதல் கூலி எவ்வளவு, அதை என்ன செய்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆச்சிமார் இருக்கும்போதே கேளுங்கள்.