லொதார் எதற்குப் பெட்டி தூக்கினான்?

எங்கள் காலனிக்குப் படக்கதை ஒரு தகரப் பெட்டியில்தான் வந்தது. மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போன மாமா விட்டுட்டுப் போன பெட்டி. உள்ளே முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். பாதிக்கு அட்டை கிடையாது. சாயங்காலம் மதகுக் கட்டையில் நாலு பேர் உட்கார்ந்தால் ரெண்டு பேச்சுதான்: இரும்புக்கை மாயாவி, இளையராஜா. எங்களில் ஒருத்தன் சாவுக்குப் பறையடிக்கப் போகிறவன். ராஜா பாட்டில் எந்த இடத்தில் தோல் பேசுகிறது என்று தொடையில் தட்டிக் காட்டுவான்.

ஒருநாள் அவன்தான் கேட்டான்: "பண்ணைப்புரத்துக்காரரு 1976லயே வந்து பாட்டயே மாத்திட்டாரு. படக்கதையில மட்டும் நம்மாளு இன்னும் பொட்டி தூக்கிக்கிட்டே வர்றானே, ஏன் மாப்ள?"

அவன் சொன்னது லொதாரை. எம்.ஏ. வகுப்பில் கட்டுடைப்பு என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். எட்டாவதோடு நின்றவன் அதை மதகுக் கட்டையிலேயே முடித்துவிட்டான்.

1934இல் லீ ஃபாக் தொடங்கிய மாண்ட்ரேக் கதையில் லொதார் ஆப்பிரிக்க இளவரசன். அரியணையை உதறிவிட்டு ஒரு வெள்ளைக்கார மந்திரவாதிக்குப் பணிவிடை செய்ய வருகிறான். உடம்பில் சிறுத்தைத் தோல், தலையில் துருக்கித் தொப்பி, வாயில் உடைந்த இங்கிலீஷ். ராஜாவே ஆனாலும் வேலைக்காரனாகத்தான் கதைக்குள் நுழைய முடியும். 1965இல் ஃப்ரெட் ஃப்ரெடெரிக்ஸ் ஓவியராக வந்த பிறகுதான் அவனுக்கு ஒழுங்கான சட்டையும் நேரான பேச்சும் கிடைத்தன. முப்பது வருஷம்!

இதை மாற்ற அதற்கு முன்பே ஒருவர் முயன்றார். பெயர் ஓரின் இவான்ஸ், ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பினப் பத்திரிகையாளர். அவர் வேலை பார்த்த நாளிதழ் 1947 தொடக்கத்தில் வேலைநிறுத்தத்தின் நடுவே மூடப்பட்டது. வேலை போனவர் சும்மா இருக்கவில்லை. பழைய சகாக்களைச் சேர்த்துக்கொண்டு அதே வருஷம் 'ஆல் நீக்ரோ காமிக்ஸ்' இதழைக் கொண்டுவந்தார். எழுதியவர்கள், வரைந்தவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். மற்ற காமிக்ஸ் 10 சென்ட் விற்றபோது இது 15 சென்ட். ஏஸ் ஹார்லம் என்ற கறுப்புத் துப்பறிவாளன் அதில் உண்டு. லயன் மேன் என்று ஒருவன். ஓரினின் தம்பி ஜார்ஜ் வரைந்தது. ஐ.நா. ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய விஞ்ஞானி அவன். காட்டில்தான் இருக்கிறான், எவனுக்கும் எடுபிடி கிடையாது.

இரண்டாம் இதழுக்கும் வேலை நடந்தது. காகிதம் கிடைக்கவில்லை. முன்பு விற்றவர்களே இவருக்கு விற்க மறுத்துவிட்டார்கள். பெரிய பதிப்பாளர்களின் கை இதில் இருந்ததாகக் கருதப்படுகிறது. 1950இல் ஃபாசெட் என்ற பெரிய கம்பெனி 'நீக்ரோ ரொமான்ஸ்' என்று ஓர் இதழ் போட்டது. அதற்கு மட்டும் காகிதத் தட்டுப்பாடு வரவில்லை, பாருங்கள். கறுப்பர்கள் வாங்கிப் படிக்கலாம், தொழிலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

1971இல் இவான்ஸ் இறந்தார். 1993இல் டுவெயின் மக்டஃபி, டெனிஸ் கோவன் முதலான கறுப்பின நண்பர்கள் 'மைல்ஸ்டோன்' கம்பெனியைத் தொடங்கியபோது இந்த இடத்தில்தான் கவனமாக இருந்தார்கள். அச்சும் விநியோகமும் டிசி கம்பெனி. பாத்திரங்களின் உரிமையும் எதை எழுதுவது என்கிற முடிவும் தங்களுக்கு. அதுவும் நாலைந்து வருஷத்தில் படக்கதை போடுவதை நிறுத்த வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் மதகில் உட்கார்ந்து சொன்னேன். பறையடிக்கிறவன் பேசாமல் கேட்டான். "பேப்பர்காரன் யாருன்னு மொதல்ல பாக்கணும்" என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தான். பால்பாயிண்டில் வரைந்திருந்தான். லொதார் வேட்டி கட்டி, கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்கிறான். பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவன் மாண்ட்ரேக்.