வீட்டு ஹைட்ரஜன் கருவிகள்: ஆற்றல் கணக்கில் விடுபடும் செலவு

வீட்டிலேயே ஹைட்ரஜன் தயாரிக்க முடியும் என்பதில் ஐயமில்லை. 1800இல் இங்கிலாந்தில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் வோல்ட்டாவின் மின்கல அடுக்கைக் கொண்டு நீரைப் பகுத்தபோதே அது நிறுவப்பட்டுவிட்டது. துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், ரப்பர் வளையங்கள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த வடிநீர், ஒரு 12 வோல்ட் பேட்டரி ஆகியவை இருந்தால் போதும். சுவிட்சைப் போட்டதும் குமிழ்கள் கிளம்பும். தண்ணீரில் ஓடும் கார், மின்கட்டணம் இல்லாத வீடு ஆகிய நம்பிக்கைகள் எல்லாம் இந்தக் குமிழ்களையே சான்றாகக் காட்டுகின்றன. ஆனால், பேட்டரியில் இருந்த ஆற்றலின் ஒரு பகுதி வாயுவுக்குள் இடம் மாறியிருக்கிறது என்பதற்கு மட்டுமே அவை சான்று. ஆகவே வாகனம் தன் எஞ்சினின் மின்சாரத்திலேயே ஹைட்ரஜன் தயாரித்துக்கொள்வது எப்போதும் நட்டம். வீட்டில் அதைத் தயாரிப்பதற்கு மிகக் குறுகிய ஒரு பயனே உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

18 கிராம் நீரைப் பகுக்க ஏறத்தாழ 286 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். கிடைத்த ஹைட்ரஜனை எரித்து மீண்டும் நீராக்கினால் அதே 286 கிலோஜூல்தான் திரும்பும். தொடக்கமும் முடிவும் ஒரே நீர் என்பதால், இடையில் எந்த வினையூக்கியைச் சேர்த்தாலும், எந்த அதிர்வெண்ணில் மின்துடிப்பைச் செலுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. நல்ல வினையூக்கி வீணாகும் வெப்பத்தைக் குறைக்கும். அதற்கு மேல் அதனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

காரில் பொருத்தப்படும் கருவி ஒன்றின் கணக்கைப் பார்ப்போம். ஆறு அறைகள் தொடராக இணைந்திருக்கின்றன, 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் பாய்கிறது. உள்ளே செல்லும் திறன் 276 வாட். ஃபாரடே விதிப்படி நிமிடத்துக்குச் சுமார் 0.84 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். அதன் எரிவெப்பம் ஏறத்தாழ 150 வாட்டுக்குச் சமம். எஞ்சின் அதில் நான்கில் ஒரு பங்கைச் சுழல்திறனாக மாற்றும் என்று கொண்டால், சக்கரத்தின் பக்கம் போவது 38 வாட். இனி செலவு. எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரின் செயல்திறனை 60 விழுக்காடு என்று கொள்வோம். 276 வாட் மின்சாரம் தர அது எஞ்சினிலிருந்து 460 வாட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. எடுத்தது 460, கொடுத்தது 38. பகுப்பானின் செயல்திறனை நூறு விழுக்காடாக உயர்த்தினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறு. ஹைட்ரஜனை எரிபொருளாகக் கருத வேண்டாம், பெட்ரோலின் எரிதலை விரைவுபடுத்தும் துணைப்பொருளாகக் கருதுங்கள் என்கிறார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1977இல் நாசா வெளியிட்ட ஆய்வு, பெட்ரோலுடன் ஹைட்ரஜன் சேர்க்கும்போது தீச்சுடரின் வேகம் கூடுவதையும், எரிபொருள் குறைந்த கலவையிலும் எஞ்சின் திறம்பட ஓடுவதையும் காட்டியது. விற்பனையாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டும் ஆய்வு இது. ஆனால் அங்கே பயன்பட்டது உருளையில் அடைத்து வந்த ஹைட்ரஜனும் மெத்தனாலிலிருந்து பிரித்த ஹைட்ரஜனும்தான். ஆல்டர்னேட்டர் மின்சாரத்தில் பிறந்த வாயு அன்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கருவிகளோடு, ஆக்சிஜன் உணரியின் சமிக்ஞையை மாற்றும் சிறு மின்னணுப் பலகையும் சேர்த்து விற்கப்படுகிறது. அது எஞ்சின் கணினியை ஏய்த்துப் பெட்ரோலைக் குறைக்கிறது. அப்படிக் கூடும் மைலேஜை ஹைட்ரஜனின் வரவில் எழுதுவது அறிவியல் ஆகாது.

இத்தகைய உரிமைகோரல்கள் சில ஆய்வுக்கூடத்தைவிட நீதிமன்றத்தில்தான் முறையாகச் சோதிக்கப்பட்டன. லாஸ் ஏஞ்சல்சிலிருந்து நியூயார்க் வரை 22 காலன் தண்ணீரில் போகலாம் என்றார் அமெரிக்காவின் ஸ்டான்லி மேயர். அவருடைய கலத்தைப் பரிசோதித்த வல்லுநர்கள் அதில் வழக்கமான மின்னாற்பகுப்பைத் தவிர வேறெதையும் காணவில்லை. 1996இல் ஒஹாயோ நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, முதலீட்டாளர்களின் 25,000 டாலரைத் திருப்பித்தர ஆணையிட்டது. 1998இல் மேயர் இறந்ததும், எண்ணெய் நிறுவனங்கள் கொன்றுவிட்டன என்ற கதை பரவியது. பிணக்கூறாய்வு காட்டியதோ மூளை இரத்தக்குழாய் வீக்கம். அவருடைய காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. வரைபடங்கள் யார் கைக்கும் எட்டும் நிலையில் இருக்கின்றன. கண்டுபிடிப்பு மெய்யாக இருந்தால் அதை இன்று செய்து காட்ட எந்தத் தடையும் இல்லை.

வீட்டைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறு. 2006இல் நியூஜெர்சியில் மைக் ஸ்ட்ரிஸ்கி தன் வீட்டுக் கூரைச் சூரியத் தகடுகளின் உபரி மின்சாரத்தால் ஹைட்ரஜன் தயாரித்து, புரொப்பேன் தொட்டிகளில் சேமித்து, எரிபொருள் மின்கலம் வழியாக மீண்டும் மின்சாரமாக்கினார். இங்கே ஆற்றலின் மூலம் சூரியன் என்பதில் மறைப்பு எதுவுமில்லை. ஆனால் செலவு ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர். ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். திரும்பக் கிடைப்பது 16, 17 யூனிட். லித்தியம் பேட்டரியோ இட்டதில் பெரும்பகுதியைத் திருப்பித்தருகிறது. கோடைச் சூரியனை நீண்ட குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்க வேண்டிய ஊர்களில் மட்டும் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பகலில் சேமித்து இரவில் விளக்கெரிப்பவருக்கு இது தேவையில்லை.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிக்கும் சவ்வில்லாத எளிய கருவியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெடிப்பதற்கு உகந்த விகிதத்திலேயே ஒரே குழாயில் வருகின்றன. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் தீப்பற்றும், அதற்கு 0.02 மில்லிஜூல் பொறி போதும். தீ பின்னோக்கி வந்தால் தடுப்பதற்குப் பலர் வைத்திருப்பது பாதி நீர் நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் புட்டிதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் நச்சுக் குளோரின் கிளம்பும். எஃகுத் தகடுகள் அரிக்கும்போது புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியம் கரைசலில் சேரலாம். அதைச் சாக்கடையில் கொட்டுவது குற்றமே.

பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டங்களில் இக்கருவி இன்றும் விருப்பமான தலைப்பாக இருக்கிறது. மாணவர்கள் இதைச் செய்து பார்க்கட்டும். ஃபாரடே விதியைக் கையால் கற்க நல்ல வழி. ஆனால் பகுப்பானை வெளி மின்சாரத்தில் இயக்கிவிட்டு, பெட்ரோல் குறைந்ததை மட்டும் வரைபடமாக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். பகுப்பானுக்குச் சென்ற வாட் எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது, உணரியின் சமிக்ஞை மாற்றப்பட்டதா என்பவை இல்லாத திட்ட அறிக்கையில் வழிகாட்டிப் பேராசிரியர்கள் கையெழுத்திடக் கூடாது.