ஓய்வுக்குப் பின் ஒரு கூரை

தெமோதரை ரயில் நிலையத்தின் அடியில் அதே பாதை சுருண்டு வந்து சுரங்கத்துள் நுழைகிறது. அதைக் காணப் பலர் வருகின்றனர். என் கண் லயங்களில் நின்றது.

அமெரிக்க முதியோர் சிலர் பனிக்காலத்தைக் கழிக்கப் புளோரிடாவில் நகர்த்தக்கூடிய வீடொன்றை வாங்கி, நிலத்துக்கு மட்டும் வாடகை செலுத்துவர். இடத்தைத் தேர்பவர் அவர்களே.

தோட்டத் தொழிலாளருக்கு அத்தேர்வு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களின் முதுமை எங்கே கழியும் என்பது டில்லியில் முடிவாயிற்று.

எஞ்சியோரின் லயக் காம்பரா தோட்டத்துக்குரியது. பேர் வெட்டிய பின்னும் அங்கே தங்க, பெரும்பாலும் பிள்ளை ஒருவர் பேர் பதிந்திருக்க வேண்டும். 7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்கும் முதியவர் கேட்பது, யாரும் வெளியேறச் சொல்ல முடியாத ஓர் இடம்.